பெயர்த் தீட்டு

1

ஒரு சொல்லை அதன் இடத்திலிருந்து பிடுங்கி, தனியே தூக்கிப் பிடித்துப் பார்த்து, இது நல்லது இது கெட்டது என்று தீர்ப்பு எழுதுவது விமர்சனம் ஆகாது. இதைச் சொல்லி நிலைநாட்டத் தமிழில் ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் தங்கள் காலத்தையும் கைக்காசையும் செலவழித்திருக்கிறார்கள். பண்டிதர்களோடு நடந்த சண்டை பெரும்பகுதி இதுதான். கவிதையில் இன்ன சொல் வரலாமா, கதைக்குள் இன்ன பேச்சு நுழையலாமா என்று பட்டியல் வைத்துக் காவல் நின்றவர்களிடம், சொல்லின் அர்த்தம் அது நிற்கிற இடத்தில்தான் பிறக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சண்டையில் ஜெயித்தாகிவிட்டது என்று நம் சிறு வட்டத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. தோற்றது பண்டிதர் மட்டுமே. அவர் கையிலிருந்த பட்டியல் பத்திரமாக இருக்கிறது. இப்போது அதை வைத்துக்கொண்டிருப்பது யந்திரம்.

எதற்கு விண்ணப்பித்தாலும் இன்று ஒரு திரை, திரையில் பெயருக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குப் பின்னால் ஒரு சல்லடை. பெயரை எழுதியதும் அது சலித்துப் பார்க்கிறது. தகாத எழுத்துச் சேர்க்கை உள்ளே இருக்கிறதா, நீளம் சரியா, குடும்பப் பெயர் உண்டா, எழுத்துகள் எழுத்துகள்தானா. தேறாவிட்டால் சிவப்பில் ஒரு வரி. விண்ணப்பித்தவனின் பெயர் பெயரே இல்லை என்று அதற்கு அர்த்தம்.

இதை நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். வெள்ளைக்காரன் செய்த யந்திரம், அதற்குத் தமிழ் தெரியாது, போகப் போகக் கற்றுக்கொள்ளும் என்கிறார் ஒருவர். ஒரு எழுத்தை மாற்றிப் போட்டால் முடிந்தது, இதற்குப் போய்க் கட்டுரையா என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் கவிதை எழுதுகிறவர்கள். ஒரு வரியில் ஒரு அசை கூடிவிட்டது என்று அச்சாபீஸில் போய் நின்று சண்டை போட்டவர்கள். தங்கள் பெயரில் ஒரு எழுத்தை எடு என்றால் எடுத்துவிடுவார்களாம். என் எதிர்ப்பு யந்திரத்தைவிட இந்தச் சிரிப்பின் மீதுதான்.

2

நான் மணலிக்காரன். மணலி என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது சுத்திகரிப்பு ஆலை. மதராஸ் ரிஃபைனரீஸ் 1969-ல் இங்கே ஓடத் தொடங்கியது, பின்னாலேயே உரத் தொழிற்சாலை, அதன் பின்னால் வரிசையாக ரசாயனக் கம்பெனிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தபோது பத்திரிகைகளுக்கு எங்கள் பக்கம் ஞாபகம் வந்தது. சங்கீதக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு மணலி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் கோட்டைக் கம்பெனியாரிடம் துபாஷாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார், திருவாரூரிலிருந்து ராமஸ்வாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு அழைத்துவந்து இங்கே வைத்துக்கொண்டார். அவருக்குப் பின் மகன் வெங்கடகிருஷ்ண முதலியாரும் ஆதரித்தார். அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை முத்துஸ்வாமி தீட்சிதர். கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். தம்பி பாலுஸ்வாமி ஐரோப்பிய வித்வானிடம் வயலின் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். முத்துஸ்வாமி காசிக்குப் புறப்பட்டுப் போனதும் இந்த மணலியிலிருந்துதான்.

இந்தப் பெயரைத்தான் சல்லடை நிறுத்துகிறது. தீட்சிதர் என்பதை வழக்கமான ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒன்பது எழுத்து. நான்காவதிலிருந்து ஏழாவது வரை எடுத்தால் எஸ், எச், ஐ, டி. சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் மலத்துக்கு உள்ள கொச்சைச் சொல். தீட்சிதர் என்று சொல்கிற எந்த வாயும் இந்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்து உச்சரிப்பதில்லை. க்ஷகரத்தில் பாதி, அடுத்த அசையின் தலை இரண்டையும் ஒட்டவைத்தால் கிடைக்கிற சொல் அது. காதால் கேட்கிறவனுக்கு அங்கே அப்படி ஒரு சொல்லே கிடையாது. கண் மட்டும் இருந்து காது இல்லாத வாசகனுக்குத்தான் அது தெரியும்.

எனக்கு ஒரு நண்பர். திருவொற்றியூரில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறார். பள்ளிச் சான்றிதழிலிருந்து பாஸ்போர்ட் வரை அவர் பெயர் தீட்சிதர் என்றுதான் முடிகிறது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் மூலம் பாடம் நடத்த ஒரு கம்பெனியில் கணக்குத் திறக்கப் போனார். பக்கத்தில் நானும் இருந்தேன். பெயரில் அனுமதிக்கப்படாத சொல் இருக்கிறது, உங்கள் உண்மையான பெயரைத் தரவும் என்று வந்தது. மூன்று முறை போட்டார், மூன்று முறையும் அதே வரி. டெலிபோன் செய்தோம். ஒரு பெண் பேசினாள்.

"சார், ஸ்பெல்லிங்க மட்டும் கொஞ்சம் மாத்திப் போட்டுப் பாருங்க சார், போயிடும்."

"பாஸ்போர்ட்ல இப்படித்தானேம்மா இருக்கு?"

"அது எங்களுக்குத் தெரியாது சார். சிஸ்டம் எடுக்கல சார்."

எக்ஸ் என்ற எழுத்தைப் போட்டு இடையில் இருந்ததைத் தூக்கினார். சிஸ்டம் எடுத்துக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து முதல் பணம் வரவேண்டிய சமயத்தில், கணக்கில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் வேறு வேறு என்று பணத்தை நிறுத்திவைத்தார்கள். உண்மையான பெயரைக் கேட்டு, பொய்ப் பெயரை வாங்கிக்கொண்டு, பொய்ப் பெயர் என்பதற்காகக் கூலியை நிறுத்துவது. இதில் சிரிப்பு எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் சம்பளத்துக்குப் பேசுகிறாள், மரியாதையாகத்தான் பேசினாள். அவளுடைய வாக்கியத்தைப் பாருங்கள். சிஸ்டம் எடுக்கவில்லை. எடுக்காதவன் யார்? கும்பினிக் காலத்தில் குமாஸ்தா, துரை ஒப்புக்கொள்ளமாட்டார் என்பான். அதில் ஒரு துரையாவது இருந்தார். மனுப் போடலாம், வாசலில் காத்து நிற்கலாம், மனசுக்குள் வையலாம். அந்தத் துரைமார்கள் நம் பெயர்களைச் சின்னாபின்னம் செய்தவர்கள்தான். தரங்கம்பாடியை டிராங்குபார் ஆக்கினார்கள், தூத்துக்குடியை டூட்டிகொரின் ஆக்கினார்கள், எங்கள் திருவொற்றியூரையும் அவர்கள் நாக்கு சும்மா விடவில்லை. ஆனால் எதிரே நின்ற ஆளை அவர்கள் இல்லை என்று சொன்னதில்லை. ஆளை ஏற்றுக்கொண்டு பெயரைக் கெடுத்தான் குமாஸ்தா. யந்திரம் பெயரைத் தப்பு என்கிறது, அதனால் ஆளும் இல்லை என்கிறது. கெடுக்கிற வேலையை நம்மிடமே விட்டுவிடுகிறது.

3

இந்த வியாதி நமக்கென்று வந்தது அல்ல. இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்று ஓர் ஊர், இரும்பு உருக்கும் ஊர். அதன் பெயருக்குள் பெண்குறியைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சை ஒன்று ஒளிந்திருப்பதால், 1996-ல் ஏ.ஓ.எல். கம்பெனியின் சல்லடை அந்த ஊர்க்காரர்களைக் கணக்குத் திறக்க விடவில்லை. கம்பெனி உடனடியாகக் கண்ட வழி, ஊரின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி எழுதுவது. சல்லடையைத் திருத்துவதைவிட ஊரைத் திருத்துவது சுலபமாக இருந்திருக்கிறது. இன்றும் கம்ப்யூட்டர்காரர்கள் இந்தக் கோளாறை அந்த ஊர்ப் பெயரால்தான் அழைக்கிறார்கள். 2006-ல் யாகூ, காலஹன் என்ற ஐரிஷ் குடும்பப் பெயரைத் தள்ளியது, நடுவில் 'அல்லா' என்ற எழுத்துகள் வந்தன என்று. 2008-ல் ஓர் அமெரிக்கக் கிறிஸ்தவச் செய்தி ஸ்தாபனத்தின் யந்திரம், டைசன் கே என்ற ஓட்டப்பந்தய வீரரின் குடும்பப் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓரினச்சேர்க்கையாளர் என்பதற்கான சொல்லைப் போட்டு, அவர் ஓட்டத்தில் ஜெயித்த செய்தியை வெளியிட்டது. முப்பது வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. கற்றுக்கொள்ளும் என்று சொல்கிற நண்பர் இந்த முப்பது வருஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்?

பட்டியல் மட்டும் வளர்கிறது. ஹர்ஷிதா, ரக்ஷிதா, அக்ஷிதா, தர்ஷிதா என்று பெண் குழந்தைகளுக்குப் பெயர் வைப்பது இப்போது எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு. லாரி ஓட்டுகிறவர் மகளும் உண்டு, ஆலையில் ஒப்பந்தக் கூலியின் மகளும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் அத்தனை பேருக்குள்ளும் அந்த நான்கு எழுத்து. தீட்சிதர் விஷயம்தானே, மேல்சாதிக்காரன் பட்டப்பெயர்தானே, படட்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அப்படி நினைப்பதன் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. தீட்சிதர் என்றால் யாகத்துக்கு தீட்சை வாங்கியவர். சுத்தத்துக்கு அத்தாட்சியாக வைத்துக்கொண்ட பெயர். அதில் மலம் ஒட்டியிருக்கிறது என்று யந்திரம் சொன்னால் சிலருக்கு உள்ளூர ஒரு திருப்தி வரத்தான் செய்யும். ஆனால் யந்திரம் எந்த முறையில் அதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு துண்டு பட்டுவிட்டால் முழுதும் கெட்டது. பட்டது வேண்டுமென்றா தற்செயலா என்ற விசாரணை கிடையாது. உள்ளே இருப்பவன் யார் என்ற கேள்வி கிடையாது. வாசலிலேயே நிறுத்து. இந்த முறைக்கு நம் பாஷையில் பெயர் இருக்கிறது. தீட்டு. பெயரைக் கேட்டதும் ஆளை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிற சாமர்த்தியம் நம் ஊரில் எந்தக் கம்ப்யூட்டரும் வருவதற்கு முன்பே பூரணமாக இருந்தது. பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் கர்ணம் கணக்கிலும் ஒருவன் பெயருக்குப் பின்னால் 'ர்' விகுதி விழுமா 'ன்' விழுமா என்பதே ஒரு சல்லடை. அதே முறை இன்று இலக்கு மாறி ஒரு மேல்சாதிப் பட்டத்தின் மேல் தற்செயலாக விழுந்தால், அதை நியாயம் என்று கொண்டாட என்னால் முடியாது.

யந்திரத்தின் அழுக்கு ஞானம் எவ்வளவு மொண்ணை என்பதற்கு இன்னொரு பக்கம் பாருங்கள். முதல் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்ததைக் குப்பையில் போட்டு எடுத்து, குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும் பிச்சை என்றும் பெயர் வைப்பது நம் வழக்கம். எமன் வந்து பார்த்தால் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகட்டும் என்ற ஆசை. அழுக்கை வேண்டுமென்றே எடுத்துக் குழந்தையின் மேல் பூசிய பெயர்கள் இவை, உயிரின் மேலிருந்த ஆசையால். சல்லடைக்கு இவற்றில் ஒரு தடையும் இல்லை. குப்பன் தேறுகிறான், தீட்சை வாங்கியவர் தேறவில்லை. அழுக்கு எது, எதற்காக என்று அறியாத ஒன்றுக்கு அழுக்கைக் கண்டுபிடிக்கும் உத்தியோகம் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கு நம் இலக்கணம் எவ்வளவோ தேவலை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், எச்சவியலில், அவையல்கிளவி என்று ஒரு விஷயம் வருகிறது. அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. பெயரிலேயே அவை இருக்கிறது. சொல் தன்னளவில் கெட்டது என்று அது சொல்லவில்லை, யார் முன்னால் சொல்கிறோம் என்று கேட்கிறது. அடுத்த சூத்திரம் இன்னும் முக்கியம். வழக்கில் ஊன்றிவிட்ட சொற்களை மறைக்க வேண்டியதில்லை என்று விலக்குக் கொடுக்கிறது. உரைகாரர்கள் அதற்குத் தரும் உதாரணங்கள் ஆப்பி, யானை இலண்டம், ஆட்டுப் பிழுக்கை. சாணம், லத்தி, புழுக்கை! இந்த யந்திரம் தடுமாறுகிற அதே பொருளை எடுத்துக்கொண்டு, விதியையும் விலக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பண்டிதர் பட்டியலோடு சண்டை போட்ட நமக்கு, அந்தப் பட்டியலுக்கு மூலமான நூலிலேயே வழக்கு என்பதற்குக் கொடுத்த மரியாதை தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். தீட்சிதர் என்பது இருநூறு வருஷத்துக்கு மேல் வழக்கில் ஊன்றிய பெயர். 1904-ல் எட்டயபுரத்தில் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை அச்சிட்ட சுப்பராம தீட்சிதர் அந்தப் பெயரோடுதான் அட்டையில் நிற்கிறார்.

4

இரண்டாவது சல்லடை இதைவிடக் கொடுமை. அது எந்தக் கெட்ட சொல்லையும் தேடுவதில்லை. குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கிறது.

தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பன் பெயரின் முதல் எழுத்து, அப்புறம் தன் பெயர். இதை ஏதோ பற்றாக்குறை என்று நாமே நினைக்கத் தொடங்கியிருக்கிறோம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. முதலியும் பிள்ளையும் நாயக்கரும் நாடாரும் மெல்ல மெல்லப் பெயர்களிலிருந்து உதிர்ந்தார்கள். மனசிலிருந்து உதிர்ந்தார்களா என்பது வேறு கேள்வி. பெயரிலிருந்து உதிர்ந்ததே பெரிய காரியம். இந்தியாவின் மற்றப் பகுதிகளில் அபூர்வமாக நடந்தது இங்கே சாதாரணமாயிற்று. பட்டம் போன இடத்தில் மிச்சம் நின்றது முன்னால் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும். நவீனத் தமிழன் தன் கையால் செய்துகொண்ட பெயர் அது.

யந்திரம் இதைக் குறை என்கிறது. ஒரே எழுத்து போதாது, குறைந்தது இரண்டாவது வேண்டும். புள்ளி கூடாது. கடைசிப் பெயர் கட்டாயம். சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கேட்கிறது. கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? அப்பன் பெயரை விரித்து எழுதுகிறோம். பிறகு விமானத்திலும் ஆஸ்பத்திரியிலும் அந்தப் பெண்ணை அவள் அப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கல்யாணமான பெண் என்றால் புருஷன் பெயர். இன்னும் சிலர், தாத்தாவோடு உதிர்ந்துபோன சாதிப் பட்டத்தைத் தேடியெடுத்து அந்தக் கட்டத்தில் வைக்கிறார்கள். வைத்துவிட்டு, வெளிநாட்டில் கேட்கிறான் சார் என்கிறார்கள். கேட்கிற யந்திரத்துக்கு அது சாதி என்று தெரியாது. எழுதுகிற கைக்குத் தெரியும்.

எங்கள் பகுதியிலிருந்து வளைகுடாவுக்குப் போகிற பிட்டர்களுக்கும் வெல்டர்களுக்கும் இது விளையாட்டு அல்ல. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, பார்வையாளர் விசாவில் அனுமதி இல்லை என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் ஏற்போம் என்று விளக்கம் சொன்னார்கள். நடுவில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடியவன் பாடு அவன் பாடு. அமெரிக்க விசாவில் இன்னும் விசேஷம். ஒற்றைப் பெயர்க்காரனின் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயர் இடத்தில் வைத்துவிட்டு, முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சடிக்கிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அவன் தன் பெயரைச் சொல்லியாகிவிட்டது. அவர்களுக்குத்தான் தெரியவில்லை.

நம் வட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். க.நா.சு. என்ற பெயரை அந்தப் படிவத்தில் எழுதிப் பாருங்கள். மூன்று எழுத்து, மூன்று புள்ளி. எது முதற்பெயர், எது கடைசிப் பெயர்? நகுலனுக்குக் கடைசிப் பெயர் எது? பிரமிள் தன் பெயரை மாற்றி மாற்றி எழுதிய தடவைகளை எண்ணினால் எந்தப் படிவமும் மூர்ச்சை போடும். எல்லாவற்றுக்கும் மேலாக ந. பிச்சமூர்த்தி. இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். எழுத்தில் நின்ற பெயருக்குள் இருப்பது பிச்சை. முன்னால் நிற்கிற 'ந' கும்பகோணத்து நடேச தீட்சிதர். அந்த ஒரு எழுத்தைப் போட்டால் போதாது, விரித்து எழுது என்று இரண்டாவது சல்லடை கேட்கும். விரித்து எழுதினால் முதல் சல்லடை தகாத சொல் என்று நிறுத்தும். தமிழ்ப் புதுக்கவிதையை ஆரம்பித்துவைத்தவர் இந்த இரண்டு கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பார். இதையும் ஸ்பெல்லிங் விஷயம் என்று சொல்வோமா?

5

தனித்தமிழ் அன்பர் ஒருவர் இதற்குள் தொண்டையைக் கனைப்பது கேட்கிறது. வடமொழிப் பெயர் வைத்ததால் வந்த வினை, நல்ல தமிழில் வைத்தால் தொல்லை இல்லை என்பார். பூமணி, பூங்கொடி, பூவரசன். பூவை ஆங்கிலத்தில் எழுதுகிற வழக்கமான முறையில் எழுதினால், அது அவர்கள் குழந்தைகள் மலத்துக்குச் சொல்கிற சொல். பட்டியலில் இன்று அது இல்லாவிட்டால் நாளை ஏறும். ஆங்கில எழுத்தே வேண்டாம், தமிழிலேயே எழுதுவோம் என்றால் அங்கே மூன்றாவது சல்லடை காத்திருக்கிறது.

பெயரில் எழுத்துகள் மட்டுமே வரலாம், வேறு குறிகள் கூடாது என்று பல படிவங்களில் ஒரு சோதனை உண்டு. உலக மொழிகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிய யூனிகோட் முறையில், நம் மெய்யெழுத்து ஒரே எழுத்தாக இல்லை. 'ன' என்பது எழுத்து, அதன் மேலுள்ள புள்ளி தனியான ஒரு குறி. 'மு' என்பதில் 'ம' எழுத்து, உகரக் கொக்கி குறி. காலும் கொம்பும் சுழியும் புள்ளியும் எழுத்து என்ற வகுப்பில் சேராது. எழுத்து என்ற வகுப்பை மட்டும் பார்த்து எழுதப்பட்ட சோதனைக்கு, முருகன் என்ற பெயர் நான்கு எழுத்தும் மூன்று அந்நியக் குறிகளும் சேர்ந்த சந்தேகப் பேர்வழி. குறிகளை எடுத்துவிட்டால் தேறும். எடுத்தால் மரகன. புள்ளி வைத்தால் மெய் என்று எழுத்திலக்கணம் ஆரம்பிக்கிற பாஷையில், புள்ளி வைத்தவன் பெயர் செல்லாது.

ஆக, சம்ஸ்கிருதப் பெயரானால் ஒரு வழியில் மாட்டுகிறது, சுத்தத் தமிழானால் இன்னொரு வழியில். தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதச் சொல்லி ஆணை போட்டது. நல்ல ஆணை. கையெழுத்துக்கு அது ஆகும். கட்டத்துக்குப் பின்னாலிருக்கிற சோதனையை எழுதியவன் அரசாணை படிக்கிறவன் அல்ல.

பெயரை மாற்றிக்கொள்வதே பாவம் என்று நான் சொல்லவில்லை. வேதாசலம் மறைமலை ஆனார். விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார். எங்கள் மணலித் தீட்சிதர் தம் கீர்த்தனங்களுக்குள் குருகுஹ என்று முத்திரை வைத்துக்கொண்டார். எண்கணிதம் பார்த்து ஒரு 'ஏ'யைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறவனுக்குக்கூட அதில் ஒரு சொந்த இஷ்டம் இருக்கிறது, அசட்டுத்தனமானாலும். ஒருவன் தன் பெயரை எழுதிக்கொள்வதும், எழுதியதைத் திருத்து என்று வாசலில் நிறுத்தப்படுவதும் ஒன்று என்று சொல்கிறவனிடம் இலக்கியம் பேசிப் பிரயோஜனமில்லை.

6

மறுதரப்பில் ஒரு வாதம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வசைச் சொற்களைப் பெயராகப் போட்டுக்கொண்டு வந்து அடுத்தவர்களைத் துன்புறுத்துகிற ஆட்கள் உண்டு. பொய்ப் பெயரில் மோசடி செய்கிறவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கானவர்களை உட்கார்ந்து படித்துப் பார்க்க ஆள் போட முடியாது, ஆகவே யந்திரம் என்கிறார்கள். சரி. மோசடிக்காரன் எப்போதும் ரமேஷ் குமார் என்ற பெயரில்தான் வருவான். சல்லடையில் தேறுகிற பெயரைத் தேர்ந்தெடுக்கிற சௌகரியம் அவனுக்கு உண்டு. சொந்தப் பெயரில் வருகிறவனுக்கு அது கிடையாது. வசைக்காரன் ஒரு எழுத்துக்குப் பதில் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுகிறான். நிறுத்தப்படுகிறவன் யோக்கியன் மட்டுமே. பேஸ்புக் உண்மைப் பெயர் கேட்டு 2014, 2015-ல் அமெரிக்கப் பழங்குடியினரின் பெயர்களைப் போலி என்று பூட்டிவைத்தது. எதிர்ப்பு வந்தபிறகு, 2015 கடைசியில் விதியைக் கொஞ்சம் தளர்த்தியது. தளர்ந்தது யந்திரம் கற்றுக்கொண்டதால் அல்ல. பெயரை மாற்ற மாட்டோம் என்று அவர்கள் உட்கார்ந்துகொண்டதால்.

இது கணக்குத் திறக்கிற பொழுதுபோக்கோடு நிற்கிற காரியமானால் நான் எழுதியிருக்க மாட்டேன். மணலியில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன் பத்து வருஷத்தில் நாலைந்து காண்டிராக்டர்களிடம் வேலை செய்கிறான். ஒரு காண்டிராக்டர் எம். குமார் என்று எழுதுகிறார், அடுத்தவர் குமார் எம். என்கிறார், ஆதாரில் குமார் முருகன். மூவரும் ஒரே ஆள் என்று தெரு முழுக்கத் தெரியும். வருங்கால வைப்பு நிதியில் அவன் கூலியிலிருந்து பிடித்த பணத்தை எடுக்கப் போகும்போது, பெயர் ஒத்துவரவில்லை என்று மனு திரும்பி வருகிறது. திருத்துவதற்கு முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வேண்டும் என்பது நெடுநாள் விதி. 2025-ல்தான் ஒரு பகுதியினருக்கு அதைத் தளர்த்தினார்கள். காண்டிராக்டர் கடையைக் கட்டிக்கொண்டு போய் ஆறு வருஷம் ஆகியிருக்கும். ஒரு புள்ளி முன்னால் இருந்ததா பின்னால் இருந்ததா என்பதில் அவன் மகள் கல்யாணம் நிற்கிறது. நிறுத்தற்குறிகளைப் பற்றி நாம் நடத்திய சர்ச்சைகளில் இவ்வளவு கனமான புள்ளி ஒன்று வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வேண்டுவது பெரிய ஞானம் இல்லை. பெயர்க் கட்டத்துக்குப் பின்னாலிருக்கிற சல்லடையை எடுத்துவிட வேண்டும். ஒரு எழுத்தானால் ஒரு எழுத்து, ஒற்றைப் பெயரானால் ஒற்றைப் பெயர், புள்ளியும் கொம்பும் காலும் எழுத்தின் உறுப்புகள் என்று ஏற்றுக்கொண்டு, மனுஷன் சொன்னதை எழுதிக்கொள்ள வேண்டும். குடும்பப் பெயர் இருந்தால் எழுதலாம் என்று இருக்க வேண்டும், இருந்தே தீர வேண்டும் என்று இருக்கக் கூடாது. புகார் வந்த பெயரை, அந்த பாஷை தெரிந்த ஒரு ஆள் படித்துப் பார்த்து முடிவு செய்யட்டும். படிப்பது ஆள் செய்கிற வேலை. நமக்குத் தெரிந்த ஒரே வேலையும் அதுதான்.

கம்பெனிகளுக்கு எழுதிப் போட நம் பத்திரிகை உகந்த இடமல்ல என்பது எனக்குத் தெரியும். இதைப் படிக்கிற இருநூறு பேரும் எழுதுகிறவர்கள். உங்களிடம் கேட்பது வேறு. சிவப்பு வரி வந்ததும் இரண்டாவது முயற்சியிலேயே பெயரைத் திருத்திப் போட்டுவிட்டு, மாலையில் வந்து மொழியின் சுயத்தைப் பற்றிக் கூட்டம் பேசாதீர்கள். திருத்தாமல் திரும்பத் திரும்ப அதே பெயரைப் போடுங்கள். டெலிபோனில் பேசுகிற பெண்ணிடம் கோபப்படாமல், என் பெயர் இதுதான், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். ஆங்கிலம் தட்டத் தெரியாத அடுத்த வீட்டுக்காரனுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும்போது, அவன் அப்பன் பெயரையோ சாதியையோ எடுத்துக் கடைசிக் கட்டத்தில் நீங்களாகப் போடாதீர்கள். அவனைக் கேளுங்கள். அவன் சொன்னபடி எழுதுங்கள். யந்திரம் எடுக்காவிட்டால், எடுக்கவில்லை என்று காகிதத்தில் எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதத்தில் அவன் பெயர் அவன் சொன்னபடி இருக்க வேண்டும்.